ஒரு வாய் தண்ணீர்

நான் பேச ஆரம்பித்தால் முடிக்க நேரமாகும். எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான். ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்ததை யோசித்துத்தான் சொல்வோம். என்ன அவசரம், பஸ்ஸா போய்விடும்? மார்க்கையன்கோட்டையில் எனக்கு 'இழுவை' என்று ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. வைத்தவள் யாரென்று எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும்.

இப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் ஒரு பயிற்சி வகுப்பில் அந்த அக்கா பக்கத்தில் உட்கார வைத்ததுதான் வேடிக்கை.

யார் பேசினாலும் பாதியில் பிடுங்கி மீதியைத் தானே முடிப்பது அக்காவின் குணம். நீங்கள் வாயைத் திறந்தால் போதும், என்ன சொல்ல வந்தீர்கள் என்பதை அவர் சொல்லிவிடுவார். பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். தப்பென்றால் அடுத்ததைச் சொல்வார். அதுவும் இல்லையென்றால் இன்னொன்று. கடைசியில் சொல்ல வந்தது என்னவென்று நமக்கே மறந்து போகும்.

போன மாதம் அவருக்குப் போன் செய்தேன். இப்போது புருசனும் பொஞ்சாதியுமாக மகள் வீட்டோடு கோயம்புத்தூரில் இருக்கிறார்கள்.

"அக்கா, உங்களப் பத்தி ஒண்ணு..." என்று இழுத்தேன்.

"எழுதப் போற. எழுது, எழுது. எம் பேரு போட்றாத. ஊரு பேரும் வேணாம்."

அத்தனை வருசப் பழக்கத்தில் அவர் சரியாகக் கண்டுபிடித்த ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்த..."

"கேக்கணுமாக்கும்? இந்தா, பக்கத்துலதான் பேப்பரு படிச்சுக்கிட்டு இருக்காக. சரிங்குறாக."

அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், சரி என்றது என் காதில் விழவே இல்லை. போனை அவர் கையில் கொடுக்கச் சொல்லி, நேராகக் கேட்டு, அவர் "எழுதுங்க டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அக்காவை நம்பி ஒரு காரியத்தில் இறங்க முடியுமா?

நாங்கள் சந்தித்தது உத்தமபாளையத்தில். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலை வரும் வரும் என்று காத்திருந்து, வராமல், வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தேன். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சி ஒன்று நடக்கிறது, சனிக்கிழமைதோறும் வகுப்பு, கடைசியில் ஒரு வகுப்பு நடத்திக் காட்டித் தேறினால் சான்றிதழ் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கல்யாண மண்டபத்து மாடிதான் வகுப்பறை. என்னைப் போல வேலை கிடைக்காத ஆசிரியர்கள், மகளிர் குழுத் தலைவிகள், அங்கன்வாடியில் இருக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம். சொல்லித் தருவதற்குத் தேனியிலிருந்து ஒரு சார் வருவார்.

முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது.

"நான்... மார்க்கையன்கோட்டையில இருந்து வாரேன். எதுக்கு இதுல சேந்தேன்னா..."

"வீட்ல சும்மா இருப்பானேன்னுதான்," என்றது பக்கத்தில் ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்தில் சிலுவை டாலர், மடியில் ஒரு கட்டைப்பை. முகத்தில் தப்பு செய்த குறியே இல்லை. எனக்கு ஏதோ பெரிய உதவி செய்துவிட்ட திருப்திதான் இருந்தது. "உக்காரு தங்கச்சி, சொல்லியாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நான் சொல்ல வந்தது வேறு. அது என்னவென்று அந்த வகுப்பில் யாருக்கும் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

அக்காவின் வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம். அனுமந்தன்பட்டிப் பக்கம், கோயிலும் சப்பரமும் உள்ள வேதக்காரர்கள் ஊர்; கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வகுப்பு முடிந்து இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றாக நடப்போம். அவருக்குக் கம்பம் பஸ், எனக்குச் சின்னமனூர் பஸ். அந்த நடைக்குள் எத்தனை பேர் பேச்சைப் பிடுங்குவார்! டீக்கடைக்காரர் "சீனி..." என்பார். "கம்மியாத்தான்" என்பார் அக்கா. அவர் கேட்க வந்தது சீனி தீர்ந்துவிட்டது, நாட்டுச் சர்க்கரை போடட்டுமா என்று. கண்டக்டர் படியில் நின்று "கம்பம், கூடலூ..." என்று கத்துவதற்குள் "ஊர்" என்று கீழேயிருந்து இவர் முடித்து வைப்பார். அந்த ஆள் ஒருநாள் நொந்துபோய், "நீங்களே டிக்கெட்டும் கிழிச்சிருங்கக்கா" என்று பையை நீட்டினார்.

கூடப் படித்த ஒருத்தியின் அப்பா இறந்துபோய், நாங்கள் சில பேர் கோம்பைக்குத் துக்கம் கேட்கப் போனோம். அவள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசியா என்னயப் பாத்து அப்பா..."

"கண்ணீர் விட்டாக," என்றார் அக்கா.

"இல்லக்கா. சிரிச்சாரு."

"ஆமா, சிரிச்சாக."

எனக்கு அங்கேயே எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. துக்க வீட்டிலும் ஒரு மனுசி வாயைக் கட்ட மாட்டாளா? திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் நான் உட்காரவில்லை.

சாரும் தப்பவில்லை. ஒருநாள், "எழுத்தறிவு வகுப்புன்னு கூப்பிட்டா பெரியவங்க ஏன் வரமாட்டேங்கிறாங்கன்னா..." என்று தொடங்கினார்.

"வெக்கம் சார்," என்றார் அக்கா.

"நான் நேரம் கிடைக்காதுன்னு சொல்ல வந்தேன். ஆனா..." என்று சார் சற்று நின்றார். "ஆனா நீங்க சொல்றதுதான் முதல் காரணம்."

அன்று அக்காவுக்கு அப்படி ஒன்றும் பெருமை இல்லை. தலையைக் குனிந்து கட்டைப்பையின் காதை நீவிக்கொண்டிருந்தார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாடம் நடத்திப் பார்க்கிற கட்டம் வந்தது. இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருவர் ஆசிரியர், மற்றவர் எழுத்துத் தெரியாதவராக நடிக்க வேண்டும். எனக்கு யார் வாய்த்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. சார் முன்பே விளக்கியிருந்தார். அட்டையைக் காட்டுங்கள், கேளுங்கள், காத்திருங்கள். எவ்வளவு நேரமானாலும் அவர்கள் வாயிலிருந்துதான் வார்த்தை வர வேண்டும்.

அக்கா 'மருந்து' என்று எழுதிய அட்டையை எடுத்துக் காட்டினார். "இது என்னான்னு வாசி தங்கச்சி." நான் மூச்சை இழுத்தேன். "மருந்து," என்றார் அக்கா.

அடுத்து 'பந்தல்'. அதையும் அவரே வாசித்தார். மூன்றாவது அட்டையைக் காட்டுவதற்கு முன்பே வாசித்துவிட்டார்.

சார் கோபப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று அவர் சொன்னது கோபத்தைவிடக் கடுமையாக இருந்தது. "அம்மா, உங்களுக்கு வாசிக்கத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும். அதைக் காட்டுறதுக்கு வகுப்பு வேண்டாம். கடைசி வகுப்புலயும் இப்படிச் செஞ்சீங்கன்னா சான்றிதழுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

அக்காவின் முகம் செத்துப்போனது. மாடிப்படி இறங்கும்போது, "என்னால முடியல தங்கச்சி, வாயி நிக்க மாட்டேங்குது" என்றார். எனக்கோ எரிச்சல் அடங்கவில்லை. எழுத்துத் தெரியாதவளாக நடிக்கக்கூட விடாமல் என்னை ஊமையாக்கி வைத்திருந்தாரே.

"வாயில ஒரு வாய் தண்ணிய ஊத்திக்கிட்டு உக்காருங்கக்கா! அப்பத்தான் அடங்குவீக!"

அவர் முன்னால் நான் முழுசாகச் சொல்லி முடித்த முதல் பேச்சு அதுதான். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அப்பிடியா சொல்ற?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை கட்டைப்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் வெளியே வந்தது. அட்டையைக் காட்டி "வாசி" என்று சொன்னார், மடமடவென்று ஒரு வாய் ஊற்றிக்கொண்டார், கன்னம் இரண்டும் உப்ப என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் வந்துவிட்டது. சார் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வரைந்த சார்ட்டு முழுக்கத் தண்ணீர். சார் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "பரவாயில்ல, முயற்சி நல்ல முயற்சி" என்றார்.

விட்டாரா அக்கா? வாராவாரம் பாட்டிலோடு வந்தார். முதலில் முழுங்கிவிட்டுப் பேசினார். பிறகு முழுங்காமல் கையால் சைகை காட்டினார். பிறகு கையையும் மடியில் வைத்துக்கொள்ளப் பழகினார். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் நிஜமான ஆட்களுக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டும். கேரளாவுக்கு ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வருகிற பெண்கள் அவர்கள். ஞாயிறுதான் அவர்களுக்கு ஓய்வு. 'ஏலக்காய்' என்ற அட்டையைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா உப்பிய கன்னத்தோடு காத்திருந்தார். அந்தப் பெண் அட்டையைவிட்டு அக்காவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் டீச்சர், பல்லு வலியா?"

அக்கா தலையை ஆட்டினார். முழுங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் "ஏ... ல..." என்று தொடங்கி, வாசித்து முடித்து, "அட, தெனம் ஆயிறது இதத்தானா!" என்று தொடையில் தட்டிக்கொண்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

ஊர்த் திருவிழாவுக்கு அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அங்கேதான் அவர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நெட்டையான மனுசன். மருந்தடித்து மருந்தடித்துக் கை காய்த்துப் போயிருந்தது. என்னைப் பார்த்து எழுந்து, "வாங்க..." என்றார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க, பஸ்ஸு கூட்டமான்னு கேக்குறாக," என்றார் அக்கா அடுப்படியிலிருந்து.

அவர் கேட்க வந்தது அதுதானா என்று எனக்கெப்படித் தெரியும்? அவரும் மறுக்கவில்லை. வாழ்க்கையில் பாதியை இப்படி 'ஆமா' என்றே ஓட்டியிருப்பார் போல.

பக்கத்து வீட்டம்மா ஒருத்தர் இலை போடுகிற சாக்கில் என் காதைக் கடித்தார். அந்த ஊர்க் கோயிலில் தெருவுக்கொரு குழு உண்டு, அன்பியம் என்பார்கள். ஞாயிறு பூசையில் மேடையேறி வேத வாசகம் வாசிக்கிற வேலை முறை வைத்து ஒவ்வொரு அன்பியத்துக்கும் வரும், வீட்டுக்கு வீடு ஆள் மாறும். "இந்த வீட்டு மொற வந்தா அண்ணனத்தான் வாசிக்கச் சொல்லுவோம். மனுசன் எந்திரிக்கிறதுக்குள்ள இவ போயி நின்னுருவா. ஒரு தடவ தொண்ட கட்டிருச்சும்பா, ஒரு தடவ கண்ணு செவந்திருக்கும்பா. வாயில்லாப் பூச்சியாக்கி வச்சிருக்கா அவர. அப்பிடி ஒரு ஆங்காரி."

சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் திராட்சைக்கு அடிக்கிற மருந்துப் புட்டியோடு வந்தார். "அண்ணே, டேங்குக்கு எவ்வளவு ஊத்தணும்னு இதுல போட்டிருக்காம், கொஞ்சம் பாருங்களேன்" என்று அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கினார். வாங்கிய கையோடு அடுப்படியைப் பார்த்தார். அக்கா அகப்பையும் கையுமாக ஓடி வந்து புட்டியைப் பிடுங்கி, கடகடவென்று வாசித்துச் சொல்லிவிட்டுப் போனார். வந்தவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் பேச்சைப் பிடுங்கினால் நான் திருப்பிச் சண்டை போடுவேன். இந்த மனுசன் என்ன செய்வார்?

பஸ் ஏற்றிவிட ரோட்டடிக்கு வந்தார் அக்கா. கேட்டே விட்டேன்.

"ஏங்க்கா, அந்த அண்ணன ஒரு வார்த்த..."

அக்கா பிடுங்குவார் என்று நின்றேன். பிடுங்கவில்லை. நானே முடிக்க வேண்டியதாயிற்று.

"...பேச விட மாட்டீகளா? பாக்கவே பாவமா இருக்கு."

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு லாரி போனது. வாழைத்தார் வண்டி ஒன்று போனது.

"அவுகளுக்கு வாசிக்கத் தெரியாது தங்கச்சி."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"கையெழுத்து மட்டும் போடுவாக. கட்டிக்குடுக்கும்போது எனக்கு யாரும் சொல்லல. கல்யாணமான புதுசு, அவுக மாமா வீட்ல ஒரு விசேசம். நாலு பேரு கூடியிருக்கிற எடத்துல ஒருத்தன் பத்திரிகையக் கொண்டாந்து, மாப்ள, சத்தமா வாசிங்கன்னு கையில குடுத்துட்டான். அவுக வச்சுக்கிட்டே நிக்கிறாக. ஒருத்தி சிரிச்சா. அம்புட்டுத்தான். அன்னிக்குப் பூராம் சோறு தண்ணி இல்ல. தோட்டத்துல போயிப் படுத்துக்கிட்டாக. அடுத்த தடவ யாரோ எதையோ நீட்டினாக, நான் குறுக்க பூந்து பிடுங்கிட்டேன்."

"அதுக்காக எல்லார் பேச்சையுமா..."

"நல்லா யோசிச்சுப் பாரு. வாசிக்கிற எடத்துல மட்டும் குறுக்க பூந்தா ஊரு கண்டுபிடிச்சிராதா? அதான் எல்லா எடத்துலயும் பூந்தேன். எல்லாரு பேச்சுலயும் பூந்தேன். அவ அப்பிடித்தான்னு ஆயிப்போச்சு. அவுகள யாரும் ஒண்ணும் நெனைக்கல. என்னயத்தான நெனைச்சாக, நெனைச்சிட்டுப் போகட்டும். ஆனா அப்புறம் நிறுத்த முடியல தங்கச்சி. வாயி பழகிருச்சு."

கோம்பைத் துக்க வீடு நினைவுக்கு வந்தது. டீக்கடை, கண்டக்டர், என் 'எதுக்கு இதுல சேந்தேன்னா' எல்லாம் வந்தது. ஒரே ஒரு இடத்தை மறைப்பதற்காக இந்த மனுசி ஊர் உலகத்து வாயை எல்லாம் அடைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. வந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

விசயம் அதோடு நிற்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சின்ன வயதிலிருந்தே ஹாஸ்டலில் படித்த பெண். அவளுக்கும் அப்பாவின் சங்கதி தெரியாது. அப்பாவை வாய் திறக்க விடாத அம்மா என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். "எங் கல்யாணப் பூசையில அப்பாதான் மொத வாசகம் வாசிக்கணும், நீ எந்திரிச்சேன்னா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்னு சொல்லிட்டா," என்றார் அக்கா. "அவுக சரின்னுட்டாக. மக கேட்டா மாட்டேம்பாகளா? அன்னிக்கே வந்து இந்த வகுப்புல சேந்தேன். சான்றிதழ் கெடக்கட்டும். பாட்டிலு இல்லாம உங்கிட்டயே வாய அடக்க முடியலையே, அவுகளுக்கு எப்பிடிச் சொல்லிக்குடுப்பேன்?"

கம்பத்திலிருந்து என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது.

விசயம் எனக்குத் தெரியும் என்று அக்கா சொன்னதும் அண்ணன் படிக்கச் சம்மதித்தார், ஆனால் அக்காவிடம் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார். "இவகிட்டயா? நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பாடம் முடிஞ்சிரும்." அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியான நேரங்களில் நான் அங்கே போக ஆரம்பித்தேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணன், நான், வாய்க்கால் மேட்டில் பாட்டிலோடு அக்கா. வெளியே இருந்து பார்த்தால் மூன்று பேர் கொடி பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். சார் சொல்லிக் கொடுத்தபடி அண்ணன் புழங்குகிற வார்த்தைகளில் தொடங்கினோம். பந்தல், மருந்து, மோட்டார், மகள் பேர். "நீங்க மெதுவாப் பேசுறீக டீச்சர். எனக்கு அது தோதா இருக்கு" என்றார். என் இழுவைக்கு முதல் முதலாகக் கிடைத்த மரியாதை.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் அக்கா வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்தார். ஒரு தகப்பன் தன் மகளைக் கட்டிக் கொடுக்கிற பகுதி. ஒருநாள் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வார்த்தையில் நின்றார். நின்றார், நின்றார். மேட்டிலிருந்து 'மொடக்' என்று முழுங்குகிற சத்தம், கூடவே அந்த வார்த்தை. அண்ணன் ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்து மோட்டார் ரூமைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு அவ்வளவுதான் பாடம்.

"வந்துக்கிட்டே இருந்துச்சு. அவ வாயத் தொறந்தா, எழுத்து ஓடிப் போச்சு," என்றார் அடுத்த வாரம். பிறகு கொஞ்சம் தயங்கி, "பேசாம இத மனப்பாடம் பண்ணிச் சொல்லிரவா? கேட்டதெல்லாம் எனக்கு நிக்கும்" என்று கேட்டார்.

எனக்குக்கூட அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கல்யாணமோ நெருங்கிவிட்டது. அக்கா இந்த முறை பதறாமல் முழுங்கிவிட்டு, நிதானமாகச் சொன்னார். "வாசிக்கிற மாதிரி நடிச்சதெல்லாம் போதுங்க. ரெண்டு பேருக்கும் அலுத்துப் போச்சுல்ல?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெராக்ஸைப் பிரித்து முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

கடைசி வகுப்பில் அக்கா தேறினார். சார் நடுவில் ஏதோ கேட்க, கன்னத்தில் தண்ணீரோடு விழித்ததைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. சான்றிதழை வாங்கி, மடிக்காமல் கட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதுல என்ன இருக்கு, இனிமேத்தான் இருக்கு," என்றார்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. அக்கா முன் வரிசையில், நான் அவருக்குப் பின் வரிசையில். பூசை தொடங்கிச் சற்று நேரத்தில் முதல் வாசகத்துக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மேடைக்கு ஏறினார். அக்கா கைப்பையிலிருந்து சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்து, தலையைக் குனிந்து, ஒரு வாய் ஊற்றிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அண்ணன் மைக் முன்னால் நின்று அங்கே விரித்து வைத்திருந்த பெரிய புத்தகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். சத்தம் வரவில்லை.

கை சட்டைப்பைக்குப் போனது. அதில் ஜெராக்ஸ் இருப்பது எனக்குத் தெரியும். கை அங்கேயே நின்றது. கீழே மணப்பெண் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் யாரோ இருமினார்கள். கோயில் மொத்தமும் மெதுவாக அக்கா பக்கம் திரும்பியது. இதோ எழுந்திருப்பாள், தொண்டை கட்டிவிட்டது என்பாள் என்று ஊரே காத்திருந்தது. பூசை வைத்த சாமியார்கூட அக்காவைத்தான் பார்த்தார்.

அக்கா அசையவில்லை. பின்னாலிருந்து எனக்குக் கன்னத்தின் ஒரு பக்கம் தெரிந்தது. உப்பியிருந்தது.

அண்ணன் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். வெறும் கைதான் வந்தது. விரலைப் புத்தகத்தில் வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

முதல் வார்த்தையிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நாங்கள் படித்த வாசகம் இல்லை. கல்யாணப் பூசைக்கு வைக்க நாலைந்து வாசகங்கள் உண்டாம், எதை வேண்டுமானாலும் வைக்கலாமாம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று அந்தப் பக்கத்தில் இருந்தது ஆணையும் பெண்ணையும் படைத்த கதை. அண்ணன் அதுவரை கண்ணால் பார்க்காத பக்கம். பந்தலுக்கடியில் மருந்தையும் மோட்டாரையும் வாசித்த மாதிரியே ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போனார். 'விலா' என்று வந்து நின்றார். நான் மனசுக்குள் 'எலும்பு, எலும்பு' என்று கத்திக்கொண்டிருந்தேன். என் வாயே நிற்கவில்லை, அக்காவின் வாய் என்ன பாடுபட்டிருக்கும்?

"எ... லும்... பு," என்றார் அண்ணன். மேலே போனார்.

எனக்குப் பின்னாலிருந்து அந்தப் பக்கத்து வீட்டம்மா கிசுகிசுத்தார். "பாத்தியா, இன்னிக்குத்தான் மனுசன வாயத் தொறக்க விட்டிருக்கா. பழக்கம் இல்லாமத் திணறுறாரு பாவம்."

திரும்பி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டால் அக்கா இத்தனை வருசம் காத்ததை நானே போட்டு உடைத்ததாகிவிடும்.

வாசகம் முடிந்தது. முடிந்ததும் வாசித்தவர் சொல்ல வேண்டிய ஒரு வரி உண்டு. அதற்குப் புத்தகம் வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணன் அதைத் தலை நிமிர்ந்து, மகளைப் பார்த்து, கோயில் அதிரச் சொன்னார். பதிலுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லி எல்லாரும் ஒரே குரலில் அதை முடித்து வைக்க வேண்டும். எல்லாரும் சொன்னார்கள். மணப்பெண் சொன்னாள். பக்கத்து வீட்டம்மா சொன்னார். வேதக்காரி இல்லாத நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

அக்காவால் சொல்ல முடியவில்லை. அவர் வாயில் இன்னும் தண்ணீர் இருந்தது.